நன்றி சொல்லக் கூடாத வைத்தியம்

அக்கியின் வலி வந்தவருக்குத்தான் தெரியும். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் நான் செவிலியாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயிக்கு இடுப்பைச் சுற்றி அது வந்திருந்தது. சட்டை உரசினாலே துடித்துப்போனார். மருத்துவர் வந்து பார்த்து, வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அன்றே தொடங்கிவிட்டார். கொப்புளம் கிளம்பிய மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன் என்பதால் அந்த அளவில் எனக்கு நிம்மதி. மறுநாள் மாலை அவருடைய மகள் என்னிடம் வந்து, ஒருவரை அப்பாவின் அறைக்கு அழைத்துவரலாமா என்று கேட்டார். "அவரிடம் அக்கிக்கு வைத்தியம் இருக்கிறது" என்றார். கூச்சமோ தயக்கமோ அந்தக் குரலில் இல்லை. வருபவர் நோயாளியைத் தொடமாட்டார், எதையும் பூசமாட்டார், குடிக்கக் கொடுக்கமாட்டார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சரி என்றேன்.

வந்தவர் மாட்டுக் கொட்டகை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது உடையிலேயே தெரிந்தது. பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடங்கள் இருந்தார். வெளியே வந்தபோது மகள் அவருக்காக வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மழை வரும் போலிருக்கிறது" என்றார். "ஆமாம், வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் இறங்க மாட்டாத நாடு இது. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது இரண்டு முறை நன்றி சொல்வார்கள். தன் வேலையை விட்டுவிட்டு மலைப்பாதையில் காரோட்டி வந்த மனிதருக்கு அந்த மகள் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. காபியும் கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இரவுப் பணி முழுக்க அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியரிடம் கேட்டேன். "நன்றி சொன்னால் பலிக்காது. பணம் கொடுத்தாலும் பலிக்காது" என்றார். விளக்கம் அத்தோடு முடிந்துவிட்டது என்பதைப் போல மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அத்தோடு முடியவில்லை. அன்றிலிருந்து இங்கே இருக்கும் முதியவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன், நூலகத்தில் தேடிப் படித்தேன். நம் ஊர்ப் பாட்டி வைத்தியத்தோடு ஒப்பிட்டு எழுதும்படி தோழிகள் சொன்னார்கள். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒப்பிடத் தொடங்கினால் நாம் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். இந்த மனிதர்கள் மறைந்துபோவார்கள்.

யாரிடம் இருக்கிறது

ஐரிஷ் கிராமங்களில் யாரையும் வைத்தியர் என்று சொல்லக் கேட்பது அரிது. "இன்னாரிடம் இன்னதற்கு வைத்தியம் இருக்கிறது" என்பார்கள். ஒருவரிடம் பெரும்பாலும் ஒரே ஒரு நோய்க்குத்தான் இருக்கும். அக்கிக்கு ஒருவர், தீப்புண்ணுக்கு இன்னொருவர், படர்தாமரைக்குப் பக்கத்து ஊரில் ஒருவர். பெயர்ப்பலகை கிடையாது. விளம்பரம் செய்வது ஆகவே ஆகாது. தேவைப்படும்போது யாரோ ஒரு தொலைபேசி எண்ணைத் தருவார்கள். கன்றுக்குட்டிக்குக் கொம்பு நீக்கும்போது ரத்தம் நிற்காமல் போனால், ரத்தம் நிறுத்தும் வைத்தியம் உள்ளவரைத் தொலைபேசியில் அழைக்கும் விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர் நேரில் வர வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே மந்திரத்தைச் சொல்வார்.

அது எப்படி ஒருவரிடம் வந்து சேர்கிறது என்பதுதான் என்னை முதலில் ஈர்த்தது. பிறப்பால் வரலாம். இடையில் பெண் குழந்தை இல்லாமல் தொடர்ந்து பிறந்த ஏழாவது மகனுக்குக் கை ராசி உண்டு. ஏழாவது மகனின் ஏழாவது மகன் என்றால் கேட்கவே வேண்டாம். தந்தை இறந்த பிறகு பிறந்து, அவர் முகத்தையே பார்க்காத பிள்ளை, கைக்குழந்தையின் வாயில் ஊதினால் வெண்புண் ஆறும் என்பார்கள். திருமணத்தால் வரலாம். பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் புகுந்த வீட்டின் குடும்பப் பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்ட பெண், தன் வீட்டு ரொட்டியைக் கொடுத்தால் கக்குவான் இருமல் தீரும். ரத்தத்தால் வரலாம்: கியோ என்ற குடும்பப் பெயர் உள்ளவரின் ஒரு துளி ரத்தத்தை அக்கியின் மேல் தடவுவது வெகு காலமாகப் பல மாவட்டங்களில் அறியப்பட்ட வழக்கம். ஒரு செயலாலும் வரலாம். ஈரமான வரப்பில் திரியும் நியூட் என்ற பல்லி போன்ற சிறு உயிரைப் பிடித்து அதன் வயிற்றை நாக்கால் நக்கியவருக்கு, அதன் பிறகு தீப்புண்ணை நக்கி ஆற்றும் சக்தி வந்துவிடும். சிறுவர்கள் ஒருவரையொருவர் தூண்டிவிட்டு இதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் ஒருவர் தன் அண்ணன் அதைச் செய்ததையும், வீட்டில் அவனுக்கு அடி விழுந்ததையும், அதே வாரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கையைச் சுட்டுக்கொண்டு அவனிடமே வந்ததையும் கண் விரியச் சொன்னார்.

வைத்தியங்களைக் கேட்கக் கேட்க அலுக்காது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக் கழுதையின் கடிவாளத்தை மாட்டி, பன்றித் தொழுவத்துக்கு நடத்திக்கொண்டு போய், பன்றியின் முதுகில் தலையைத் தேய்த்து, "பன்றியே பன்றியே, இந்தா உன் வீக்கம்" என்று ஐரிஷ் மொழியில் சொல்ல வேண்டும். கண்கட்டிக்கு நெல்லிக்காய் போன்ற கூஸ்பெர்ரிச் செடியின் பத்து முட்களைப் பறித்து, ஒன்பதைக் கட்டியை நோக்கிக் காட்டிவிட்டுப் பத்தாவதை எறிந்துவிட வேண்டும். மரு உள்ளவர், மருவின் எண்ணிக்கைக்குச் சமமான கற்களை ஒரு பையில் கட்டி வழியில் போட்டுவிடுவார்; எடுப்பவருக்கு மருவும் சேர்ந்து போகும். பாறைக் குழியில் தேங்கிய மழைநீரில் கையை நனைத்தாலும் மரு போகும், ஆனால் அந்தக் குழியைத் தேடிப் போகக் கூடாது, தற்செயலாகக் கண்ணில் பட வேண்டும். கக்குவான் இருமலுக்கு வெள்ளைக் குதிரையில் போகும் எவரையாவது நிறுத்தி என்ன வைத்தியம் என்று கேட்க வேண்டும். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுவே வைத்தியம். அந்தக் குதிரைக்காரரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பவர். மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் சாலையின் நடுவே நிற்கிறாள். அவருக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. ஆனாலும் எதையாவது சொல்லியே ஆக வேண்டும். தெரியாது என்று தட்டிக்கழித்துவிட்டுப் போக அவருக்கு இடமில்லை.

லீட்ரிம், கேவன் பக்கத்தில் நெஞ்சு நோய்க்கு ஒரு வைத்தியம் உண்டு. நெஞ்சு நோய் என்றால் இதய அடைப்பு அல்ல. துக்கத்தாலும் கவலையாலும் உண்டாகும் தளர்ச்சி. ஒரு கோப்பையில் ஓட்ஸ் மாவைத் தளும்ப நிரப்பி, துணியால் இறுக மூடி, நோயாளியின் மார்பிலும் முதுகிலும் வைத்து எடுத்தபடி பிரார்த்தனை சொல்வார்கள். துணியை அவிழ்த்துப் பார்த்தால் மாவு ஓரிடத்தில் குழிந்திருக்கும். எவ்வளவு குழிந்திருக்கிறதோ அவ்வளவு நோய். மூன்று முறை செய்வதற்குள் குழி குறைந்துகொண்டே வரும். மீந்த மாவை ரொட்டியாகச் சுட்டு நோயாளியே உண்ண வேண்டும். மாவு ஆட்ட ஆட்ட அமுங்குவது இயல்புதான், அது எனக்கும் தெரியும். ஆனால் கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணிடம், அவள் துக்கத்தை அளந்து "இதோ பார், இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவுதான்" என்று கோப்பையைக் காட்டிய இன்னொரு மனிதர் இருந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செவிலியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வைத்தியங்கள் மொய்க்கும் நோய்களைப் பாருங்கள்: அக்கி, மரு, கண்கட்டி, சுளுக்கு, பொன்னுக்கு வீங்கி, வெண்புண். பெரும்பாலும் தானாகவே வந்து, தன் காலத்தை முடித்துக்கொண்டு தானாகவே போகிறவை. அக்கிக் கொப்புளங்கள் சில வாரங்களில் காய்ந்துவிடும். குழந்தைகளின் மரு பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் உதிர்ந்துவிடும். காசநோய்க்கும் கிராமங்களில் வைத்தியம் இருந்தது. முல்லைன் என்ற செடியின் இலையைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள். அது காசநோயை நிறுத்தவில்லை. 1948இல் சுகாதார அமைச்சரான நோயல் பிரவுன் கட்டிய காசநோய் மருத்துவமனைகளும், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும்தான் கட்டுக்குள் கொண்டுவந்தன. கக்குவானில் எத்தனை குழந்தைகள் போனார்கள் என்பதை இங்குள்ள பழைய கல்லறைகளில் படிக்கலாம். வைத்தியமாகக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே மூன்று முறை நுழைத்து எடுக்கப்பட்ட குழந்தைகளும் அவர்களில் இருந்திருப்பார்கள். தடுப்பூசிதான் அந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்தது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

1938ஆம் ஆண்டு நோட்டு

இந்த வைத்தியங்களைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம் குழந்தைகள். ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் 1935இல் தொடங்கப்பட்டது. 1937 முதல் 1939 வரை அது ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. ஷான் ஓ சூலவான் என்ற ஆவணக் காப்பாளர் தயாரித்த ஒரு வழிகாட்டி நூலை நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, மேல்வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். ஏழு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. தலைப்புகளில் ஒன்று, உள்ளூர் வைத்தியம். இன்று அந்தப் பக்கங்கள் டப்ளினில் உள்ள பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் சேகரத்தில் இருக்கின்றன. இணையத்திலும் வந்துவிட்டன. பிள்ளைகளின் கையெழுத்தை அப்படியே பார்க்கலாம். மையைத் தொட்டு எழுதியதில் விழுந்த திட்டுகளும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறைக் கடந்த ஒரு மூதாட்டி இருந்தார். தான் பள்ளியில் படித்தபோது இப்படி எழுதியதாக ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் வைத்துத் தேடினேன். கிடைத்துவிட்டது. அவருடைய இயற்பெயரோடு, சாய்ந்த கையெழுத்தில், சுளுக்குக்கான வைத்தியம். பாட்டியிடம் கேட்டு எழுதியது. சுளுக்கிய காலில் நூலைச் சுற்ற வேண்டும், ஒன்பது முடிச்சுகள் போட வேண்டும், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும், நூல் தானாக அறுந்து விழும்வரை விட்டுவிட வேண்டும். இரண்டு பத்திகள், அவ்வளவுதான். மதியத் தேநீருக்குப் பிறகு டேப்லெட்டில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து அடையாளம் தெரிந்ததும் சிரித்தார். பிறகு திரையில் பிரார்த்தனை என்ற சொல் இருந்த இடத்தை விரலால் தொட்டு, "இங்கே டீச்சர் என்னை நிறுத்தினார்" என்றார்.

என்ன பிரார்த்தனை என்று ஆசிரியை கேட்டாராம். தெரியாது என்று இவர் சொன்னாராம். உண்மையாகவே அப்போது தெரியாது. பாட்டி நூலைக் காட்டினார், முடிச்சைக் காட்டினார், எத்தனை நாள் என்று சொன்னார். வார்த்தைகளை மட்டும் சொல்லவில்லை. அது ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் மட்டுமே போகும். பாட்டி அதைத் தன் மகனுக்குக் கொடுத்தார். அவர் பல வருடங்கள் கழித்து, சாகும் தறுவாயில், தன் அண்ணன் மகளான இவருக்குக் கொடுத்தார். "அப்படியென்றால் அது உங்களிடம் இருக்கிறதா?" என்றேன். என் குரலில் இருந்த ஆவலை அவர் கவனித்திருக்க வேண்டும். "இருந்தது, பெண்ணே. முப்பது வருடம் ஊரில் யாருக்குச் சுளுக்கினாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கூடக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு அது என்னுடையது இல்லை. அதனால் உனக்குச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது."

அவர் ரகசியம் காக்கவில்லை. வார்த்தைகள் அவருக்கு மறந்தும் போகவில்லை. அந்த வார்த்தைகள் இப்போது வேறொருவருக்குச் சொந்தமான கடமை, அவ்வளவுதான். அன்று மாலை நான் அந்த இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். "ஒரு பிரார்த்தனை சொல்வார்கள்", "சில வார்த்தைகளைச் சொல்வார்", "வார்த்தைகள் அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்று பல பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். எழுதியும் வைத்த மந்திரங்கள் உண்டு. பல்வலிக்கு, பளிங்குக் கல்லின் மேல் உட்கார்ந்து அழும் பேதுருவிடம் இயேசு காரணம் கேட்கும் மந்திரத்தை நாடு முழுக்க எழுதியிருக்கிறார்கள். சுளுக்குக்கு, எலும்போடு எலும்பும் நரம்போடு நரம்பும் சேரட்டும் என்ற வரிகளும் கிடைக்கின்றன. ஆனாலும் அந்த வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அரசாங்கமும் பள்ளியும் ஆசிரியையும் கேட்ட பிறகும் ஒரு கிழவி தன் பேத்தியிடம் கூடக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது அது.

ஐரிஷ் தொன்மத்தில் ஒரு கதை உண்டு. தெய்வங்களின் மருத்துவனான தியன் கேக்ட், தன்னைவிடத் திறமைசாலியாகிவிட்டான் என்ற பொறாமையில் மகன் மியாக்கைக் கொன்றுவிடுகிறான். மியாக்கின் கல்லறையிலிருந்து 365 மூலிகைகள் முளைக்கின்றன, உடலின் ஒவ்வொரு மூட்டுக்கும் நரம்புக்கும் ஒன்றாக. தங்கை ஏர்மெட் தன் மேலங்கியை விரித்து, அவற்றின் குணத்துக்கேற்பப் பிரித்து அடுக்குகிறாள். தந்தை வந்து அங்கியை உதறி எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறான். அதனால்தான் எந்த மூலிகை எதற்கு என்பது முழுமையாக யாருக்கும் தெரியாமல் போயிற்று என்கிறது கதை. இன்றைய கடைகளில் "பண்டைய ஐரிஷ் வைத்தியம்" என்று அட்டை ஒட்டிய தேநீர்ப் பொட்டலங்களையும் களிம்பு டப்பாக்களையும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நூலையும் முடிச்சையும் எடுத்துக்கொண்டு, நள்ளிரவில் கதவைத் திறந்த பெண்ணை விட்டுவிட்டார்கள். அதோடு விலையும் போட்டுவிட்டார்கள். அந்த ஒன்றுதான் செய்யவே கூடாதது.

போஹோ மண்

நான் இப்படிச் சொன்னால், அறிவியல் படித்த நண்பர்கள் உடனே போஹோவைச் சொல்வார்கள். வட அயர்லாந்தின் ஃபெர்மானா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. 1815இல் இறந்த ஜேம்ஸ் மெகிர் என்ற பாதிரியார், தான் உயிரோடு இருந்தபோது குணப்படுத்தியதையெல்லாம் தன்னை மூடும் மண் குணப்படுத்தும் என்று சாகும்போது சொன்னாராம். மக்கள் அந்தக் கல்லறை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். 2018இல் சுவான்சி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்த, அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர். மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளில் சிலவற்றின் வளர்ச்சியை அது ஆய்வகத் தட்டில் தடுத்தது. எங்கள் மருத்துவமனைகளைப் பாடாய்ப் படுத்தும் எம்.ஆர்.எஸ்.ஏ.யும் அவற்றில் ஒன்று.

நல்ல ஆராய்ச்சி. அதிலிருந்து ஒரு நாள் மருந்து வந்தால் முதலில் மகிழ்பவள் நானாகத்தான் இருப்பேன். ஐரிஷ் சதுப்பு நிலத்துப் பாசி முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப் போடப் பஞ்சுக்குப் பதிலாகப் போயிருக்கிறது. இங்கே ஓடைக்கரையெல்லாம் பூக்கும் மெடோஸ்வீட் செடியின் பழைய தாவரப் பெயரிலிருந்துதான் ஆஸ்பிரினுக்கு 1899இல் பெயர் பிறந்தது. ஆனால் செய்தித்தாள்கள் "பாட்டிமார் சொன்னது உண்மைதான்" என்று எழுதியபோது எனக்கு ஒப்பவில்லை. தலையணைக்கு அடியில் துணிக்குள் இருக்கும் பாக்டீரியா நோயாளியின் நுரையீரலுக்குள் எப்படிப் போகும்? அந்த ஊர்க்காரர்கள் கடைப்பிடித்ததில் கிருமியியல் இல்லை. அவர்களுக்கு முக்கியமான விதி வேறு: எடுத்த மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து கல்லறையில் போட்டுவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவருக்கு அது வேண்டும். ஒரு ஸ்பூன் மண் இருநூறு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு கிருமி கிடைத்ததால் மட்டுமே இதற்கு மதிப்பு வந்தது என்றால், கிருமி கிடைக்காத நூலுக்கும் ஓட்ஸ் மாவுக்கும் மதிப்பே இல்லை என்றாகிவிடும். அந்தத் தராசு எனக்கு வேண்டாம்.

பிரிஜிட் கிளியரி

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் 1895 மார்ச் மாதத்தைத் தாண்டிக்கொண்டு என்னால் போக முடியாது. டிப்பரரி மாவட்டத்தின் பாலிவாட்லீ என்ற ஊரில் பிரிஜிட் கிளியரி என்ற இளம் பெண் காய்ச்சலில் விழுந்தாள். தையல்காரி, சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தவள். படுக்கையில் கிடப்பது தன் மனைவியே அல்ல, தேவதைகள் அவளைக் கொண்டுபோய்விட்டு அவளைப் போன்ற ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கின்றன என்று கணவன் மைக்கேல் நம்பத் தொடங்கினான். மருத்துவர் வந்தார், பாதிரியார் வந்தார். மூலிகை தெரிந்தவரிடமிருந்து மூலிகையும் வந்தது. பாலில் காய்ச்சிய அந்தக் கஷாயத்தை, உறவினர்கள் அவள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, கசப்பு தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பத் திருப்ப வாயில் ஊற்றினார்கள். நீ பிரிஜிட்தானா என்று கடவுள் பெயரால் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மறுநாள் இரவு கணவன் அவளைத் தீயிட்டுக் கொன்றான். உடல் ஒரு வாரம் கழித்து ஆழமில்லாத குழியிலிருந்து எடுக்கப்பட்டது. அவனுக்கு இருபது ஆண்டுச் சிறை.

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அந்நியர்கள் அல்ல. அவளுடைய அத்தை மக்கள், தந்தை, அண்டை வீட்டார். பணத்துக்காக வந்தவர் எவரும் இல்லை. நான் மேலே போற்றிய அதே நெருக்கம், அதே கூடி நிற்றல், அந்த வீட்டில் அவளைக் கொல்ல உதவியது. இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தேவதை பிடித்ததாகக் கருதப்பட்ட குழந்தைகளுக்கு நரிக்கையுறை என்னும் ஃபாக்ஸ்க்ளவ் செடியின் சாற்றைக் கொடுத்திருக்கிறார்கள். இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய நஞ்சு அதில் இருக்கிறது. வில்லியம் விதரிங் 1785இல் அதை அளவறிந்து மருந்தாக்கி எழுதியது தெரிந்த வரலாறு. அந்தக் குழந்தைகளுக்கு அளவு பார்த்தவர் யாரும் இல்லை. தொடாத, பூசாத, குடிக்கக் கொடுக்காத வைத்தியத்துக்கு மட்டும் நான் ஏன் அன்று கதவைத் திறந்தேன் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. இப்போதும் தோல் புற்றுநோய்க்கு அரிக்கும் களிம்பைப் பூசிச் சதையைத் தின்னவிடுபவர்கள் உலகெங்கும் உண்டு. அப்படி ஒருவர் எங்கள் இல்லத்து வாசலுக்கு வந்தால் நான் உள்ளே விடமாட்டேன். மகள் அழுதாலும் விடமாட்டேன்.

படிவத்தில் இல்லாத கேள்வி

கிளேர் மாவட்டத்தில் இருந்துகொண்டு பிடி எர்லியைச் சொல்லாமல் விடக் கூடாது. ஃபீக்கிள் ஊருக்குப் பக்கத்தில் குடிசையில் வாழ்ந்து 1870களில் இறந்தவர். கையில் ஒரு நீலப் புட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நோய்க்கு வழி சொல்வார் என்பார்கள். பாதிரிமார்கள் பிரசங்க மேடையிலிருந்து அவரைத் திட்டினார்கள். மக்கள் இருட்டிய பிறகு போனார்கள். பணம் வாங்க மாட்டார், விஸ்கியும் உணவும் கொண்டுபோவார்கள். அவரைச் சூனியக்காரி என்று நீதிமன்றத்தில் நிறுத்தியபோது எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவர் கூட வரவில்லை என்று இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இருட்டுதான். திட்டுபவர்கள் இருக்கும்வரை போவது நிற்காது, சொல்வது மட்டும் நின்றுவிடும்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மனச்சோர்வுக்கு வழங்கும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் மூலிகையை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டில் விதி கொண்டுவந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும். தோட்டத்தில் வளர்வதற்கோ வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதற்கோ சீட்டு தேவையில்லை. சுளுக்குக்குக் கட்டும் காம்ஃப்ரி இலையை அரைத்து மேலே பூசினால் பெரிய கெடுதல் இல்லை, தேநீராகப் போட்டுக் குடித்தால் கல்லீரல் கெடும். இவற்றையெல்லாம் ஒரு முதியவர் என்னிடம் சொல்ல வேண்டுமென்றால், சொன்னால் நான் முகம் சுளிக்க மாட்டேன் என்ற உறுதி அவருக்கு முதலில் வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் புதிதாக இல்லத்துக்கு வருபவர்களிடம், வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, "வைத்தியத்துக்காக யாரிடமாவது போயிருக்கிறீர்களா?" என்று கேட்கிறேன். போகாதவர்கள் "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். போனவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு சொல்லத் தொடங்குகிறார்கள். லிஸ்கேனரில் உள்ள புனிதர் பிரிஜிட்டின் கிணற்றிலிருந்து புட்டியில் தண்ணீர் கொண்டுவந்திருப்பவர்கள், வைத்தியம் உள்ளவரிடம் திங்களும் வியாழனும் போய்வந்தவர்கள், பாதியில் நின்றுபோனதால் மூன்றாவது முறையை இங்கேயே முடிக்க முடியுமா என்று கேட்பவர்கள். சிலரிடம் நிஜமாகவே வைத்தியம் இருக்கிறது. அவர்களைத் தேடி வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், பார்வையாளர் நேரத்தைத் தாண்டியும் வருவார்கள், அதற்கு நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை எங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே சேர்க்கும்படி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பிற மருந்துகள்" என்ற கட்டத்தில் போட்டுவிடலாம் என்றார். மூலிகையும் களிம்பும் அங்கே போகட்டும். ஆனால் நூல் கட்டியவரின் பெயரும் எண்ணும் மகன், மகள், அண்டை வீட்டார் என்று அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களை எழுதும் கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு சொல்வார்கள்.